பிரட்டு

டிக்கோயா ஆஸ்பத்திரியில் என் அறைக்கு ஒரு ஜன்னல்.
பாதி நாள் அதில் மூடுபனி,
மீதி நாள் தேயிலை.
நான் பார்ப்பது இரண்டையும் அல்ல.
மெழுகில் புதைத்துச் சீவி
ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏற்றிய
மனிதத் துணுக்குகளை.

இன்று வந்தது
செபமாலை, வயது ஐம்பது, கொழுந்தெடுப்பவள்.
பித்தப்பையை அறுத்தெடுக்கையில்
ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சம் கொழுப்பு.

நுணுக்குக்காட்டியில் கொழுப்பு தெரியாது.
எண்ணெய் கரைந்துபோய்ச் சுவர்கள்தான் நிற்கும்,
ஆளில்லாத லயத்துக் காம்பராக்கள் போல,
ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு
அந்தப் பக்கம் ஒரு வீடு.

ஒரு காம்பராவைச் சுற்றி மட்டும் கூட்டம்.

இதைக் கிரீடம் என்று படித்தோம்.
பெயர் வைத்தவர்
லயத்தில் இழவு வீடு பார்த்திராதவர்.
நடுவில் மூச்சுமுட்டிச் செத்த கொழுப்புக் கலம்.
வாங்கி வாங்கி வைத்துக்கொண்டு
வீங்கிய வீட்டுக்கு
இரத்தக்குழாய் எட்டவில்லை.
சுற்றிலும் பெருந்தின்னிக் கலங்கள்,
தூக்க வந்தவை,
துடைத்துப் பெருக்க வந்தவை,
காரியம் முடிந்தால் கலைந்துபோக வேண்டியவை.

கலையவில்லை.
அடுத்த காம்பராவிலும் சாவு.

முன்பெல்லாம் கொழுப்பையே விறகாக வைத்து
ஆற அமர எரித்துக்கொண்டிருந்தவை
இப்போது சீனியை அள்ளி அள்ளிப் போடுகின்றன.
சடசடவென்று எரிகிறது,
பாதிதான் எரிகிறது,
மிச்சம் புளிக்கிறது.

காய்ச்சல் இல்லை. சீழ் இல்லை.
அழற்சி என்று எழுதுகிறேன்,
அழல் எங்கேயும் காணோம்.
ஈர மிலாறு திணித்த அடுப்பு:
புகை மட்டும், இருபது வருசமாய்.

புகை அந்த லயத்தோடு நிற்குமா?
ஈரலுக்குப் போகிறது, தொடைத் தசைக்குப் போகிறது.
இன்சுலின் வந்து கதவைத் தட்டுகையில்
உள்ளே இருமிக்கொண்டிருப்பவர்களுக்குக் கேட்பதில்லை.
சீனி வாசலிலேயே நிற்கிறது.
வீட்டுக்குள் பசி.

கிளினிக்கில் தாதி அவளைத் தராசில் ஏற்றியபோது
நானும் அங்கே நின்றேன்.
எழுபத்தெட்டுக் கிலோ.
"வாயக் கட்டணும்" என்றாள் தாதி.
"என்னாத்தக் கட்டுறது மிஸ்?
காலையில ரொட்டி, மலையில ரொட்டி,
ராவைக்கும் மா தான்.
சாயத்தண்ணிக்குச் சீனி போடாட்டி
ஏத்தம் ஏற முடியாது."
பிறகு தராசைப் பார்த்துச் சொன்னாள்:
"கொழுந்து மடுவத்துத் தராசு
சாக்குக்குன்னு ரெண்டு கிலோ வெட்டும்.
இது ஒண்ணும் வெட்டாதா?"

அவள் பழைய அட்டையில்
பிறந்த நிறை என்ற கட்டத்தில் நாலரை றாத்தல்.
மாவுக்கும் அரிசிக்கும் மலைநாடு
அலைந்த வருசம் அது.
தாயின் வயிற்றுக்குள் இருந்தபோதே
கலங்களுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்:
வந்ததை ஒளித்து வை,
நாளைக்கு வராது.

அவை சொன்னபடி செய்தன. அவ்வளவுதான்.
இதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.
எழுதினேன்: நாட்பட்ட அழற்சி. புற்று இல்லை.

வியாழன் காலை
கவுண்டர் ஓட்டையில் குனிந்து கேட்டாள்,
"உள்ளுக்க என்னா மிஸ் இருந்திச்சி?"
யோசிக்காமல் வந்துவிட்டது:
"ஒரே கூட்டம்."
"பிரட்டுக்கா?" சிரித்தாள்,
வயிற்றுத் தையலைக் கையால் பிடித்துக்கொண்டு.
"அப்ப முழுப் பேர் போட்டு
வீட்டுக்கு அனுப்பிவிடுங்க மிஸ்,
அரைப் பேர் போட்டா
எவன் நகருவான்?"

அதைத்தான் உலகம் முழுக்க
ஆய்வுகூடங்களில் தேடுகிறார்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
ஹட்டன் பஸ் ஹோன் அடித்தது.
அட்டையை மார்புக்குள் செருகிக்கொண்டு
சேற்றில் கால் பார்த்துப் பார்த்து வைத்து
அவள் இறங்கிப் போனாள்.
அடுத்த ஆள் சிறுநீர்ப் போத்தலை நீட்டினார்,
மூடி சரியாகப் பூட்டாமல்.