இடைவெளிப் பிரமாணம்

குர்லா கோர்ட் வாசலில், நீலத் தார்ப்பாயின் கீழ்
பதினெட்டு மழையாக என் தட்டச்சு எந்திரம்.
பெயரில் ஓர் எழுத்து பிசகியவர்கள்,
பிறந்த தேதியைத் தொலைத்தவர்கள்,
இரண்டு ரேஷன் கார்டில் இரண்டு அப்பன் பெயர் உள்ளவர்கள்
முக்காலியில் குந்துவார்கள்.
'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று அடிப்பேன்.
நோட்டரி கர்மார்க்கர் சிவப்பு முத்திரை குத்துவார்.
அதற்கப்புறம் அது உண்மைதான்.

நான் பிழைதிருத்திய மனுவைத்தான்
வக்கீல்கள் உள்ளே போய் வாசிக்கிறார்கள்.
கழுத்தில் அந்த வெள்ளைப் பட்டை இருந்தால்
நானே வாசித்திருப்பேன்,
இன்னும் கொஞ்சம் நிறுத்தி.

பி.ஏ. இருக்கிறது என்னிடம். தபாலில் படித்தது.
பத்தோடு நின்றவர்களுக்கு ஆறு மாத ஆயத்தப் பாடம்,
பிறகு நேராகப் பட்டம்.
சீத்தா கேம்ப்பில் தண்ணீர் திறக்கும் அதிகாலைகளில்
குடம் நிறையும் சத்தத்துக்குள் மனப்பாடம் செய்தது.
மூன்று வருடச் சட்டத்துக்கு அது போதும் என்றிருந்தேன்.

சேர்க்கை ஜன்னலில் லோகண்டே மேடம்
தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.
"பன்னிரண்டாவது எங்கே?"
அதைத் தாண்டித்தான் வந்தேன் என்றேன்.
"தாண்டி வரக்கூடாது தாயி, ஏறி வரணும்.
பத்து, பன்னிரண்டு, அப்புறம்தான் பட்டம்."
மேல்மாடி கட்டியிருக்கிறாய், நடுவில் படி இல்லை
என்று மராத்தியில் சொன்னாள்.
மராத்தியில் அது இன்னும் சரியாக இருந்தது.

ஊருக்கெல்லாம் விட்டுப்போனதை இட்டு நிரப்புகிறவள்.
ஒரு முத்திரைத்தாள் போதாதா என்று
நாக்கு நுனிவரை வந்தது.

ஆக, நாற்பத்தொன்றில் பன்னிரண்டு.
திறந்தநிலைப் பள்ளி, ஐந்து பாடம்.
ஐந்து வருடச் சட்டத்துக்கு நூற்றுக்கு நாற்பத்தைந்து வேண்டும்;
நாற்பத்து நாலே முக்காலைத் தூக்கிவிட ஆள் கிடையாது.
வயது ஒரு தடையில்லை என்றார்கள்.
முழங்காலிடம் யாரும் கேட்கவில்லை.
மனையியல் தாளில் ஒரு கேள்வி:
குறைந்த வருமானக் குடும்பத்துக்கு மாத பட்ஜெட் தயாரிக்கவும்.
தயாரித்தேன்.
சேமிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.
ஐநூறுக்கு இருநூற்று முப்பத்தொன்று.

நுழைவுத் தேர்வு பவாயில், கம்ப்யூட்டர் கூடம்.
"பெத்தவங்க எல்லாம் அந்த மரத்தடிக்குப் போங்க"
என்றான் காவலாளி.
ஹால் டிக்கெட்டை நீட்டினேன்.
படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
ஒருதடவை மரத்தடியையும் பார்த்துக்கொண்டான்.

ஒருவன் மாடியிலிருந்து பூந்தொட்டி தவறி விழுந்து
வழிப்போக்கனுக்கு மண்டை உடைகிறது. யார் பொறுப்பு?
போன மாதம் நான் அடித்த நோட்டீஸ் அது.
அங்கே பூந்தொட்டி இல்லை, துருப்பிடித்த குழாய்.
பொது அறிவில்தான் சறுக்கினேன்.

மூன்றாம் சுற்றில் இடம்.
டோம்பிவலி பக்கம், காலை ஏழு மணி வகுப்பு.
கொண்டுவர வேண்டிய சான்றிதழ்களில் கடைசி வரி:
படிப்பில் இடைவெளி இருப்பின்
காரணம் கூறும் பிரமாணப் பத்திரம்.

எத்தனை பிள்ளைகளுக்கு அடித்திருப்பேன் இதை.
ஒரு வருடம் என்றால் மஞ்சள் காமாலை.
இரண்டு என்றால் குடும்பச் சூழல்.
தாளை ஏற்றினேன்.
'பேச்சித்தாய் ஆகிய நான்' வரைக்கும்
விரல்கள் தாமாகவே ஓடின.

கர்மார்க்கர் கண்ணாடியை இறக்கி வாசித்தார்:
'இடைவெளி ஏதும் இல்லை. இந்த வாசலிலேயே இருந்தேன்.'
"இதை எந்தக் கல்லூரியும் வாங்காது.
குடும்பச் சூழல்னு போடு."

வேறு தாள் ஏற்றினேன். போட்டேன்.

முத்திரையை மையில் ஒற்றியவர்
அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்,
பதினெட்டு மழையில் ஒருவரிடமும் கேட்காததை:
மேற்கண்டவை உண்மைதானா?

பாதி, என்றேன்.

குத்தினார்.