இடைவெளிகளும் எண்ணப்படும்

விளக்கத்தை ஐந்நூறு எழுத்துகளுக்குள் எழுதுக,
இடைவெளிகளும் எண்ணப்படும்
என்கிறது படிவத்தின் பதினான்காம் பெட்டி.

இதை எழுதியவர் நிக்கோபோலுக்கு வந்திருக்க மாட்டார்.
வந்திருந்தால் பள்ளி அலுவலகத்து ஜன்னலைத் திறந்து
காட்டியிருப்பேன்:
அதோ, எங்கள் இடைவெளி.
தன்யூப் என்று பெயர்.
அக்கரையில் ருமேனியா. வெயில் நாளில்
அங்கே கொடியில் துணி காய்வது தெரியும்.
யாருடைய துணி என்று தெரியாது.

முப்பது வருடமாக இங்கே கணக்கு எழுதுகிறேன்.
அந்தப் பக்கத்து மனிதர் ஒருவரோடு முதன்முதலாகப் பேசியது
மானியம் கேட்டபோதுதான்.
அண்டை நாட்டுப் பங்குதாரர் கட்டாயம் என்றது விதி.
தேடினோம். பாட்டு வாத்தியார் ஒக்டாவியன் கிடைத்தார்.
அவருக்கு பல்கேரியன் வராது, எனக்கு ருமேனியன் வராது.
இருவருக்கும் உடைந்த ஜெர்மன் வரும்,
வெவ்வேறு இடங்களில் உடைந்தது.

திட்டத்தின் பெயர் 'இரு கரை, ஒரு குரல்'.
(வைத்தது தலைமையாசிரியை. நான் அல்ல.)
எதிர்பார்க்கும் விளைவு: கூட்டுப் பாடகர் குழு ஒன்று,
பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அக்கரை மொழியில்
இருபது சொற்கள்.

இப்போது சோஃபியாவிலிருந்து கடிதம்:
நவம்பர் ஒன்பதாம் தேதிச் செலவில்
நாற்பத்தொரு யூரோ அறுபது சென்ட் தகுதியற்றது.
ரசீதுக்குப் பதில் அட்டைத் துண்டு இணைக்கப்பட்டுள்ளது.
தவிர, மாலை ஏழு மணிப் படகில் திரும்ப வேண்டியவர்கள்
மறுநாள் காலை திரும்பியது ஏன்?

மூடுபனி.
எங்கள் மொழியில் ஐந்தெழுத்து.
நானூற்றுத் தொண்ணூற்றைந்து மீதம்.

அதில் எழுதலாமா,
பாட்டு முடிந்து படகுத்துறைக்கு வந்தபோது
ஆற்றையே காணோம் என்று?
படகின் மூக்கு மட்டும் இருந்தது.
படகோட்டி கையை விரித்தான்.
இருபத்தாறு பிள்ளைகள், உதடெல்லாம் நீலம்.
பூட்டிய கடையைத் திறந்தாள் டோம்னிகா.
கொதிக்கக் கொதிக்கத் தேநீர், ஆளுக்கொரு பன்,
தலைக்கு ஒன்று அறுபதுதான் வாங்கினாள்.
ரசீது கேட்டேன். நான் கேட்டேன், இது பதிவாகட்டும்.
முட்டை அட்டையைக் கிழித்து எழுதித் தந்தாள்.

பிறகு கார்கள் வந்தன,
விளக்கு முதலில், வெகுநேரம் கழித்துக் கார்.
ஒக்டாவியன் ஊருக்குள் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார்.
வீட்டுக்கு இரண்டு பிள்ளைகளாக அழைத்துப் போனார்கள்.
இரவுத் தங்கலுக்குச் செலவு இல்லை.
ஆகவே கணக்கில் இல்லை.

எங்கள் ஸ்டிலியானாவின் காலுறை நனைந்துவிட்டது.
"சொராப்" என்றாள் அழுகையில், தன் மொழியில்.
பின்சீட்டில் இருந்த பையன்
"சொராப்?" என்று திருப்பிக் கேட்டான்,
குனிந்து தன்னுடையதைக் கழற்றினான்.

இரண்டு மொழியிலும் காலுறைக்கு ஒரே சொல்.
நீங்கள் கேட்ட இருபதில் இது சேராது.
புதிதாகக் கற்றதல்ல, முன்பே தெரிந்த சொல்.
தெரியும் என்பது அன்றுதான் தெரிந்தது.

எழுதினேன். அழித்தேன்.
அனுப்பியது இவ்வளவுதான்:
வானிலை காரணமாக. தொகையைத் திருப்பிச் செலுத்துகிறோம்.

பள்ளியில் அந்தத் தலைப்பில் பணம் இல்லை.
என் கைப்பையிலிருந்து கட்டினேன்.
யாரிடமும் சொல்லவில்லை, படகோட்டியைத் தவிர.
அவனிடம் சொன்னால் இரண்டு நாட்டுக்கும் சொன்ன மாதிரி
என்பது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு பொட்டலம் கொண்டுவந்தான்.
இசைக்குறிப்புத் தாளில் மடித்த நாணயங்கள்.
தாளின் ஓரத்தில் உடைந்த ஜெர்மனில் ஒரு வரி:
பாதி எங்களுடையது.

பாதி என்றால் இருபது எண்பது.
இரண்டு முறை எண்ணிவிட்டேன், இருபத்தொன்று இருக்கிறது.
இருபது சென்ட் கூடுதல்.

அடுத்த படகு நாலரைக்கு.