மிச்சம்

ஸ்பிரிங்ஸில் நேற்று இருபத்து மூன்று மில்லிமீட்டர்,
ஆலங்கட்டி உருகியதையும் சேர்த்து.
மழைமானியைப் பார்த்து ரெஃபில்வே சொன்னாள்.
பென்சிலில் குறித்துக்கொண்டேன்.

தங்கத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள்
மாவாய் அரைத்துக் குவித்துவிட்ட கல்மேடு இது.
மூடி முப்பது வருடம்.
மேலே ஒரு முழம் செம்மண், அதன்மேல் புல்,
பிழைத்தது முக்கால்வாசி.
மூடியாயிற்று என்கிறது கோப்பு.
மழை கோப்பு படிப்பதில்லை.

கணக்கு சுலபம், சொல்வதற்கு:
பெய்ததில் ஓடியதைக் கழி,
வெயிலும் புல்லும் குடித்ததைக் கழி,
மண் பிடித்து வைத்திருப்பதைக் கழி.
மிச்சம் உள்ளே போகிறது.
கழிப்பதெல்லாம் உத்தேசம்.
வெயிலின் பங்கில் பத்தில் ஒன்று பிசகினால்
விடை இரட்டிக்கிறது,
அல்லது இல்லாமலே போகிறது.

உழவு மழை என்றொரு அளவு தமிழில் உண்டு.
ஏர் இறங்கும் ஆழம் நனைந்தால் ஓர் உழவு.
இங்கே எந்த ஏரும் இறங்காது.
ஆனாலும் கரண்டியால் தோண்டி விரலை விட்டேன்.
ஒரு சாண் ஈரம்; அதற்குக் கீழே
காய்ந்த பொடி, எலுமிச்சை நிறம், கந்தக வாடை.
தப்பித்தோம் என்று நிமிர்ந்தேன்.
நாலடி தள்ளி ஒரு வெடிப்பு.
அதில் முழங்கை வரை ஈரம்.

அடிவாரக் குழாயில் சொட்டுவது நேற்றைய மழையல்ல.
ஆய்வகம் சொல்கிறது, ஐம்பது வருடப் பழசு.
யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று
அட்டையில் எழுதிக் கையில் கொடுத்த காலத்தில் பெய்தது
இப்போதுதான் வெளியே வருகிறது,
துருவின் நிறத்தில்.
"எங்கள் நகராட்சியைவிட வேகம்தான்"
என்று புட்டியை மூடினாள் ரெஃபில்வே.

கீழே மா-ட்சிடிசோவின் கீரைப் பாத்தி.
எவ்வளவு உள்ளே போகிறது என்றாள்.
நூற்றுக்கு நாலு, ஒன்பதாகவும் இருக்கலாம் என்றேன்.
"அது உன் கணக்கு.
கிணற்றுத் தண்ணீரை ஊற்றலாமா?"
வேண்டாம், குழாய்த் தண்ணீர்.
"குழாய் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரும்."
இன்று வியாழன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன் அறிக்கையில்:
நாலு முதல் ஒன்பது வரை.
ஒரே எண் போதும் என்று
நிறுவனத்திலிருந்து மூன்றாவது மின்னஞ்சல்.

மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது.
மழைமானியைக் கவிழ்த்து, உதறி,
திரும்ப நிமிர்த்தி வைக்கிறாள் ரெஃபில்வே.