வலது பொட்டில் ஒரு மாத்திரை

டிசம்பரில் ட்ரோம்சோவுக்குச் சூரியன் வருவதில்லை.
பதினொரு மணிவாக்கில் மலைக்குப் பின்னால்
கொஞ்சம் நீலம் கசியும், அவ்வளவுதான்.
மருத்துவமனையின் நிலவறையில்
சுன்னீவாவுக்கு அதுவும் தெரியாது.
அவள் திரையில் முப்பத்தொரு மூளைகள்.

முகங்களை முதலில் அழித்துவிட்டாள், அது சட்டம்.
அப்புறம் மண்டையோட்டை உரித்தாள்.
அடியிலிருந்து உச்சிவரை
ஒரு மூளையைத் தட்டுத்தட்டாய் எடுக்க
இரண்டு நொடி ஆகிறது;
எல்லாத் தட்டும் ஒரே கணத்தில் எடுத்ததென்று
கணக்கில் ஒரு பொய் சொல்லவேண்டும்.
சொன்னாள்.

அசையாதீர்கள் என்றுதான் எல்லோரிடமும் கேட்டிருந்தாள்.
எச்சில் விழுங்காமல் யாரால் முடியும்?
ஆறு கோடுகள் ஓடுகின்றன:
மேல் கீழ், இடம் வலம், முன் பின்,
பிறகு ஆமென்று ஆடும் தலை,
இல்லையென்று ஆடும் தலை,
தோளில் சாயப் பார்க்கும் தலை.
பதினேழாம் எண்காரர் காதுக்குள்
'வலை' என்ற சொல் போன நொடியில்
ஆமென்ற கோட்டில் ஒரு துள்ளல்.
ஒன்றரை டிகிரி.
மென்பொருள் அதை நிமிர்த்தி வைத்தது.

அடுத்தது மாதிரி மூளை.
நூற்றைம்பது சொச்சம் பேரைக் கூட்டி வகுத்தது.
அதற்கு ஒருநாளும் தலை வலித்ததில்லை.
வந்தவரையெல்லாம் இழுத்து, அமுக்கி, லேசாய் முறுக்கி
அதன் அச்சில் உட்கார்த்தவேண்டும்.
பதினேழில் ஒரு குழி,
பக்கவாதம் தோண்டியது, நெல்லிக்காய் அளவு.
மாதிரியில் குழி கிடையாது.
பந்தியில் ஓர் இலை காலியானால்
இருபக்கத்தாரும் நகர்ந்து இடத்தை மறைப்பதுபோல்
நல்ல திசுவெல்லாம் குழிக்குள் இழுபட்டது.
பார்த்தால் ஒன்றுமே நடக்காத மூளை.

"விட்டுவிடு" என்றான் ஐவின், காபிக் கோப்பையோடு.
"முப்பதும் நல்ல எண்தான்."

அவன் போனபின் குழியைச் சுற்றிக்
கையாலேயே கோடு வரைந்தாள், தட்டுக்குத் தட்டு,
இந்த இடத்தை எதோடும் ஒப்பிடாதே என்று.
நாற்பத்திரண்டாம் தட்டில்தான் உறைத்தது:
குழி வலப்பக்கம் இருக்கிறது.
வலப்பக்கத்துக் குழியா
அந்த மனிதரின் சொற்களைத் தின்றது?

மாத்திரை!
உள்ளே அனுப்புமுன் ஒவ்வொருவர் வலது பொட்டிலும்
ஒரு மீனெண்ணெய் மாத்திரை ஒட்டியிருந்தாள்.
படத்தில் வெள்ளையாய் மின்னும், பக்கம் சொல்லும்.
உரித்த தோலோடு அதுவும் போயிருந்தது.
மூலக் கோப்பைத் தேடித் திறந்தாள்.
இடப்பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

எங்கோ ஒரு கழித்தல் குறி விழுந்துபோய்
மூன்று வாரமாய் அவர்
கண்ணாடிக்குள் இருந்திருக்கிறார்.

திருப்பினாள். மறுபடி முதலிலிருந்து எல்லாம்.
கணக்கு ஓடி முடியும்வரை வேலையில்லை.
மாத்திரையை ஒட்டிய அன்று
அவர் அதைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
மீனின் பெயர்.
ஐம்பது வருடம் பிடித்த மீன்.
வரவில்லை.
இரண்டு கையாலும் காற்றில் ஒரு கயிற்றை
இழுத்தார், இழுத்தார், மூச்சு வாங்க இழுத்து
அவள் காலடியில் கொட்டிவிட்டுச் சிரித்தார்.
டேப்பைப் பிரிக்கையில்
இரண்டு நரைமுடி கூடவே வந்தது.

விடிகாலை நான்கு. விடியாது, மணி மட்டும் நான்கு.
எல்லோரையும் எட்டு மில்லிமீட்டர் மங்கலாக்கிச்
சேர்த்த படத்தில்
இடப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு.
அவரை அதில் தேடினால் கிடைக்கமாட்டார்.
ஐவினுக்கு ஒற்றைச் சொல்லில் அஞ்சல் எழுதினாள்:
முப்பத்தொன்று.