நான்கு மார்க்

எங்கள் ஆட்டோவின் முதுகில்
மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும்:
‘நாளைய கலெக்டர் பவ்யஸ்ரீ.’
எனக்கு ஏழு வயதானபோது
சிவாஜி நகரில் எழுத்துக்கு எட்டு ரூபாய் கொடுத்து
அப்பா ஒட்டியது.

அதற்குப் பிறகு நான் போகாத இடமில்லை.
மெஜஸ்டிக், மடிவாளா, மாரத்தஹள்ளி,
எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் அடி.
சில்க் போர்டு சிக்னலில்
ஒன்றரை மணி நேரம்
நகராமல் நின்றிருக்கிறேன்.
பின்னால் வருகிறவர்கள்
என் பெயரைப் படித்துவிட்டு
ஹாரன் அடித்திருக்கிறார்கள்.

நிஜத்தில் நான்
ஸ்ரீராமபுரத்தில், மாடிப்படிக்குக் கீழே,
கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய தாளை
எட்டாய் மடித்து
ஜாமெட்ரி பாக்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்தேன்.

பாஸுக்கு முப்பத்தைந்து.
கலெக்டருக்கு எவ்வளவு என்று தெரியாது.

லட்சியம் எழுதச் சொன்னார்கள் வகுப்பில்.
பதினோரு டாக்டர், ஒன்பது கலெக்டர்,
விண்வெளிக்கு ஒருவன்.
நுஸ்ரத் மட்டும் எழுதியிருந்தாள்:
‘இருபத்தொன்பதிலிருந்து முப்பத்தைந்து.
அரையாண்டுக்குள்.’
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
சிரித்து முடித்ததும்
வயிற்றில் ஏதோ இளகியது,
இறுக்கிக் கட்டிய பாவாடை நாடா
அவிழ்ந்த மாதிரி.

அன்று இடைவேளையில்
இருவரும் தாள்களைப் பிரித்து வைத்து
பருப்பில் கல் பொறுக்குவதுபோல்
விட்ட மார்க்குகளைப் பொறுக்கினோம்.
விடைக்குப் பின்னால்
‘சதுர செ.மீ.’ போடாததால் ஒன்று.
காம்பஸ் தளர்ந்து
வில் இரண்டாகப் பிரிந்ததில் ஒன்று.
கழித்தல் குறி
அடுத்த வரிக்கு வராமலே தொலைந்ததில் ஒன்று.
பயந்துபோய்த் தொடாத பதினெட்டாம் கேள்வி,
அதில் சூத்திரத்தை மட்டும் எழுதியிருந்தாலே
ஒன்று.

நான்கு.
கட்டைவிரலை மடக்கிப் பார்த்தேன்,
கையிலேயே இருந்தது.

இதற்கு ஐ.ஏ.எஸ். வேண்டாம்.
காம்பஸின் திருகை இறுக்க
அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் போதும்.
ராத்திரி எட்டிலிருந்து எட்டரை.
கழித்தல் குறிக்கு மட்டும் சிவப்புப் பேனா,
பழகும்வரை.
நுஸ்ரத்துக்கு ஆறு வேண்டும்.
அவள் பட்டியல் அவளிடம்.

தினமும் உட்கார்ந்தேன் என்றால் பொய்.
ஒருநாள் தண்ணீர் வந்தது, குடம் தூக்கினேன்.
ஒருநாள் கரண்ட் இல்லை.
மூன்று நாள் சும்மாவே போனது,
சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அரையாண்டுத் தாள் வந்தது.
முப்பத்து நான்கு.

அழுதேன், கொஞ்சம்.
பிறகு தாளைப் பார்த்தேன்.
வில் ஒன்றாகவே இருந்தது.
கழித்தல் குறி வரிக்கு வரி
நாய்க்குட்டிபோல் கூடவே வந்திருந்தது.
பதினெட்டில் சூத்திரம்,
பக்கத்தில் டீச்சரின் டிக்.
‘சதுர’ மட்டும் இல்லை.
வெறும் செ.மீ.
எப்படி விட்டேன்!

போன தடவை தோற்றபோது
எங்கே தோற்றேன் என்றே தெரியவில்லை.
இந்தத் தடவை
அதன் வீட்டு நம்பர் வரை தெரியும்.

நுஸ்ரத் முப்பத்தாறு.
பாதுஷா வாங்கி வந்தாள்,
முக்கால்வாசி அவளே தின்றாள்.

இப்போதெல்லாம் காலையில்
அப்பா மீட்டர் துடைக்கும்போது
ஆட்டோவின் பின்பக்கம் போகிறேன்.
‘நாளைய’வில் ‘ளை’ உரிந்து தொங்குகிறது.
அப்பாவின் ஆசை, அப்பாவின் காசு.
இருக்கட்டும்.
அதற்குக் கீழே, தூசியில்,
விரலால் எழுதிவிட்டு வருகிறேன்:
1

நேற்று ஜெயநகரில் இறங்கியவர் கேட்டாராம்,
“பின்னால அது என்னப்பா ஒண்ணு?”
அப்பா சொன்னாராம்:
“தெரியல சார். பொண்ணு எழுதுது.
ஏதோ பாக்கி இருக்காம்.”