ஒரு பந்து பாக்கி

நேற்றுக் கிழித்த பரிசுத் தாளின் பின்பக்கத்தில்தான்
ஸ்கோர் எழுதுவது.
முன்பக்கத்தில் பனிமான்கள் ஓடுகின்றன.
இங்கே நோபிள் பார்க்கில் முப்பத்தெட்டு பாகை,
புல் காய்ந்து தும்புத்தடி மாதிரிக் குத்துகிறது.

மெல்பேர்ன் பாதி இன்றைக்குக் கடற்கரையில்.
மிச்சப் பாதி மலிவு விற்பனை வரிசையில்.
நாங்கள் பின்வளவில்.

சட்டங்கள் கறார்.
வேலிக்கு மேலால் போனால் ஆறு, ஆளும் அவுட்,
பந்தை எடுத்து வருவதும் அடித்தவர் பொறுப்பு.
ஒருதரம் குத்தியெழும்பியதை
ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட்.
முதல் பந்தில் எவருக்கும் அவுட் இல்லை,
அதற்கு நத்தார் இரக்கம் என்று பெயர்.
எல்.பி.டபிள்யூ கேட்கவே கூடாது.
கேட்ட வருஷம் இரண்டு குடும்பம்
ஈஸ்டர் வரைக்கும் முகம் பார்க்கவில்லை.
குணசீலி அக்காவின் தக்காளியில் பட்டால்
அதற்குச் சட்டம் இல்லை, பேச்சுத்தான்.

விக்கெட், சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டி.
உள்ளே நேற்றைய இறால் கோது
வெயிலில் தன் வேலையைக் காட்டுகிறது.
அதனால் கீப்பர் நிற்க ஆள் வராது,
அமலதாஸ் அண்ணை மட்டும்
தோட்டக் கையுறை போட்டுக்கொண்டு
மூக்கைச் சுளிக்காமல் குனிந்து நிற்பார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
டிவியில் பெரிய மைதானம், பெரிய ஆட்டம்.
அங்கே தொண்ணூறாயிரம் பேர் கத்தினால்
இங்கே ரொஷாந்தன்
தன் இரண்டு ஓட்டத்துக்கென்று எடுத்துக்கொண்டு
மட்டையை உயர்த்துவான்.

இந்த வருஷம் புதிதாகப் பக்கத்து வீட்டு லாம்.
இடக்கைக்காரன், பதினாறு வயது,
சுழற்றினால் பந்து
சொந்தக்காரர் மாதிரித் திடீரென்று உள்ளே வரும்.
ஐந்து பந்து போட்டுவிட்டான்.
ஆறாவதுக்கு ஓடத் தொடங்கியவன்
பாதியில் நின்றான்.

எல்லாரும் நின்றிருந்தார்கள்.

இரண்டு மணி.

அமலதாஸ் அண்ணை கையுறையைக் கழற்றி
குப்பைத்தொட்டி மூடியில் வைத்தார்,
இரண்டையும் சோடி சேர்த்து.
ஐஸ் பெட்டியின் மேல் வேலியைப் பார்க்க உட்கார்ந்தார்.
யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.
ரிச் கேக் தட்டோடு வந்த குணசீலி அக்கா
வாசலிலேயே தட்டைப் பிடித்தபடி.

“நோ போலா?” என்று லாம் என்னைக் கேட்டான்.
இல்லை என்று தலையாட்டினேன்.
சின்னதுகளுக்கு இது வெறும் ‘ரெண்டு மணி’,
தண்ணி குடிக்கிற நேரம் மாதிரி
ஆட்டத்தில் ஒரு பாகம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு.
அன்று ஞாயிறு. முல்லைத்தீவு.
பூசை முடிந்து இவர் பாண் வாங்கப் போனார்,
கடைப்பக்கம், கடலுக்கு எதிர்ப்பக்கம்.
அங்கே காலை ஒன்பது.
இங்கத்தைய மணிக்கூட்டில் எண்ணினால் இரண்டு.
இதற்குமேல் அவர் சொன்னதில்லை.
எத்தனை பேருக்குப் பாண் என்று
நாங்கள் கேட்டதுமில்லை.

ஒரு மக்பை குருவி வந்து
பிட்சின் நடுவால் நடந்தது,
அம்பயர் மாதிரி, அவசரமில்லாமல்.
லாம் பந்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான்.
என் பேனை தாளில் நின்ற இடத்தில்
மை ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

பிறகு அண்ணை எழும்பினார்.
முழங்கால் ‘டக்’ என்றது.

உடனே சண்டை.
ஓவர் முடிந்துவிட்டது என்கிறான் ரொஷாந்தன்,
அவனுக்கு இடக்கைப் பந்து வேண்டாம்.
நாலுதான் போட்டது என்கிறது இன்னொரு கட்சி.
எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் தாளைப் பார்க்கிறேன்,
புள்ளியெல்லாம் மைக்குள் போய்விட்டது.

கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டே
குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குனிந்த அண்ணை சொன்னார்:
“ஒரு பந்து பாக்கி. போடு தம்பி.”

லாம் போட்டான்.
ரொஷாந்தன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான்.
தக்காளிக்கு மேலால், வேலிக்கு மேலால்,
லாம் வீட்டுக் கூரையில் ‘டொம்’.

ஆறு. அவுட்.
இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அழுத்தி எழுதினேன்.
பேனை முனை தாளைத் துளைத்து
ஒரு பனிமானின் வயிற்றால் வெளியே வந்தது.

ஏணி தேடுகிறார்கள்.