சேருமிடம் உறுதிசெய்யப்படவில்லை

முப்பத்தொன்றாம் தேதியோடு
இலவச அஞ்சல் நிறுத்தம் என்று
அறிவித்துவிட்டார்கள்.
பதினொரு வருடம் சும்மா கொடுத்தவர்களிடம்
என்னத்தைச் சண்டை போடுவது.

கோத்தகிரியில் மின்சாரம் வந்து போகிற மாலை.
மண் சல்லடையை ஓரமாய் வைத்துவிட்டு
விலைப்பட்டியல் பார்க்கிறேன்.
பெட்டி ஒன்றுக்கு மாதம் நூற்றிருபது என்கிறான் ஒருவன்.
இன்னொருவன் பெட்டியே வேண்டாம் என்கிறான்:
உன் பெயருக்கு வருவதை
நீ இருக்கும் இடத்துக்குத் தள்ளிவிடுகிறேன்,
ஆண்டுக்கு அறுநூறு.
அதில் ஒரு சிக்கல்.
பதில் எழுதினால் வேறு முகவரியிலிருந்து போகும்.
கட்டபெட்டு தேயிலைக்காரர்கள்
ஏற்கெனவே என் அறிக்கையை நம்புவதில்லை.
அமிலம் நாலரை என்றால்
"போன தடவை அம்மிணி அஞ்சு சொன்னாங்களே" என்பார்கள்.

அம்மிணி என்றால் ஹெப்சிபா.

ஹெப்சிருக்கி என்று சேர்த்து வாங்கிய பெயர்.
நடுவில் ஒரு கோடு போடலாம் என்றேன்.
கோடு எதற்கு, ஒட்டியே இருக்கட்டும் என்றாள்.
இரண்டு வருடமாய் அவள் ஈரோட்டில்.
மஞ்சள் வயல்களின் மண்ணைச் சோதிக்கிறாளாம்.
பிரிந்தது ஒரு தராசு விஷயத்தில்.
சொன்னால் சிரிப்பீர்கள்.
பெயரை மட்டும் வருடா வருடம்
நான் பணம் கட்டிப் புதுப்பிக்கிறேன்.

எத்தனை பெட்டிகள் என்று கேட்டது திரை.
ஒன்று என்று அழுத்தினேன்.
உடனே அடுத்த கேள்வி:
இல்லாத பெயருக்கு வரும் அஞ்சலை என்ன செய்யட்டும்?
திருப்பி அனுப்பவா, அழித்துவிடவா,
எல்லாவற்றையும் உங்களிடமே சேர்க்கவா?

இல்லாத பெயர்.

சரியாக அப்போது மின்சாரம் போயிற்று.
தேயிலைச் சரிவில், பனிமூட்டத்துக்குள்,
ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது,
போகிற தடத்தில் யாரோ
புதிதாய் வேலி போட்டுவிட்ட மாதிரி.

மறுநாள் எனக்கு ஒரு பெட்டி எடுத்தேன்.
ஹெப்சி என்று வருவதெல்லாம்
ஈரோட்டுக்குப் போகட்டும் என்று எழுதினேன்.
அவள் புது முகவரி
விதைக் கடைக்காரர் கொடுத்த அட்டையில் இருந்தது.
எங்கே வைத்தேன் என்று தேடுவதாய்
மேசை முழுக்கக் கலைத்தேன்.
பர்சில்தான் இருந்தது.

சேமித்த பிறகுதான் தெரிந்தது,
சேருமிடத்துக்காரர் சம்மதிக்க வேண்டுமாம்.
என்னைக் கேட்காமலே எழுதிவிட்டது இயந்திரம்:
"ருக்கி உங்களுக்குக் கடிதங்கள் அனுப்ப விரும்புகிறார்.
ஏற்கிறீர்களா?"

இரண்டு வருடம் நான் எழுதி எழுதி அழித்த எதிலும்
இவ்வளவு சுருக்கம் இல்லை.

மாற்றம் உலகெங்கும் பரவ
நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள்.
ஆறு மணி நேரத்தில் பரவிவிட்டது.
முதலில் வந்தது உரக்கடை விளம்பரம்.
அடுத்தது அரவேணுவிலிருந்து, அம்மிணிக்கு.
கேரட் வேரிலேயே அழுகுகிறது,
மண்ணைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று.
அவள் ஏற்கும்வரை எல்லாம் என்னிடம்தான் வரும்.
திறந்திருக்கக் கூடாது.
திறந்தேன்.
பதில் எழுதவில்லை.

அவள் பெயருக்கு எதிரே மஞ்சளாய் ஒரு புள்ளி:
காத்திருக்கிறது.
ஏழு நாளில் காலாவதியாகுமாம்.
மீண்டும் அனுப்பு என்று ஒரு பொத்தானும் உண்டு.
நேற்று ஒரு தடவை அழுத்திவிட்டேன்.

இன்று மூன்றாம் நாள்.
தராசைத் துடைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.
சரியாகத்தான் காட்டுகிறது.
அன்றும் அப்படித்தான் காட்டியது என்று
இப்போதும் சொல்வேன்.